பன்னிரண்டு ஏ-யில் தனிச் சமையல்

சிறுவாச்சூர் அம்மன் கோயில் திங்கட்கிழமையும் வெள்ளிக்கிழமையும்தான் திறந்திருக்கும். தொலைதூர பஸ்காரர்கள் அந்த இரண்டு நாள்தான் அங்கே நிறுத்துவார்கள் என்பது எனக்கு மறந்துபோயிருந்தது. நான் வந்தது புதன்கிழமை.

“சிறுவாச்சூரா? இன்னிக்கு நிக்காதும்மா. பெரம்பலூர்ல எறங்கி டவுன் பஸ்ஸப் புடிச்சுக்கங்க” என்றார் கண்டக்டர்.

“எங்க ஊருங்க அது. அங்கேருந்து மேக்கால மூணு கிலோமீட்டரு.”

“உங்க ஊராவே இருக்கட்டும். இன்னிக்குப் புதன்கிழமதானே?”

 எங்கள் ஊருக்குத் திரும்பும் சாலை ஜன்னலுக்கு வெளியே வந்தது, பின்னால் போயிற்று. இரண்டு பெட்டியோடும் கழுத்துவலியோடும் நான் பெரம்பலூர் போய் இறங்கினேன். முன்பெல்லாம் அண்ணன் விமான நிலையத்துக்கே வண்டி எடுத்து வந்துவிடுவார். இந்தத் தடவை வரவேண்டாம் என்று நானேதான் சொன்னேன். விருந்தாளி மாதிரி வந்து இறங்கியது போதும் என்று தோன்றியது. அந்த ரோஷத்துக்குக் கிடைத்தது பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு மணி நேரம், ஆறிப்போன இரண்டு உளுந்த வடை.

நான் மஸ்கட்டில் ரூவி என்ற இடத்தில் ஒரு லேடீஸ் டெய்லர் கடையில் எட்டு வருஷமாக வேலை செய்கிறேன். பேர் மல்லிகா, வயது நாற்பத்து மூன்று. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை முப்பது நாள் விடுமுறை. இந்த முறை லீவு எழுதிக் கொடுத்தபோது, கடையில் இருக்கும் மலையாளப் பெண், வீடு கட்டப்போகிறாயா என்று கேட்டாள். ரேஷன் கார்டு வாங்கப் போகிறேன் என்றேன். அவளுக்கு உடனே புரிந்தது. பக்கத்து மெஷினில் இருக்கும் பிலிப்பைன்ஸ்காரிக்குப் புரியவைக்க அரைமணி நேரம் ஆயிற்று. கடைசியில் அவள், “அப்படியென்றால் நீ எந்த வீட்டு ஆள் என்று உங்கள் அரசாங்கத்துக்கு இன்னும் தெரியாதா?” என்று கேட்டாள். சரியாகத்தான் கேட்டாள்.

அரசாங்கத்துக்குத் தெரியும். ஆனால் தப்பாகத் தெரியும். என் பேர் கீழப்பழுவூரில், முன்னாள் கணவர் வீட்டுக் கார்டில் இருந்தது. எங்களைக் கோர்ட்டு பிரித்து ஏழு வருஷம் ஆகிறது. ரேஷன் கடை இன்னும் பிரிக்கவில்லை. அங்கிருந்து என் பேரை எடுக்கவேண்டும். எடுத்து, அண்ணன் வீட்டை ஒட்டி எனக்கென்று இருக்கும் ஒற்றை அறைக்குத் தனியாக ஒரு கார்டு வாங்கவேண்டும். கண் முன்போல இல்லை, ஊசியில் நூல் கோக்கவே இப்போது தடவுகிறேன். இன்னும் ஒன்றிரண்டு வருஷத்தில் திரும்பி வந்துதான் ஆகவேண்டும். வரும்போது யாருடைய தயவிலும் இல்லாமல், கதவிலக்கம் பன்னிரண்டு ஏ, குடும்பத் தலைவி மல்லிகா என்று வந்து உட்காரவேண்டும். இந்தப் பயணத்துக்கு அது ஒன்றுதான் காரணம்.

மஸ்கட்டிலும் என்னிடம் ஒரு அட்டை இருக்கிறது. வேலை இருக்கும்வரை அது இருக்கும், வேலை போனால் அதுவும் போகும். எட்டு வருஷத்தில் அந்த ஊர் எனக்கு ஒரு குறையும் வைக்கவில்லை, ஆனால் ஒருநாளும் என்னைத் தன் ஆள் என்று சொன்னதுமில்லை. அதை நான் எதிர்பார்க்கவும் இல்லை. சொந்த ஊரில் மட்டும் ஏனோ எதிர்பார்த்துவிடுகிறேன்.

வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி மூன்று. அண்ணி வாசலிலேயே நின்றார். பெட்டியை நான் தூக்கக் கூடாது, செருப்பை நானே ஓரமாக வைக்கக் கூடாது, தண்ணீர்கூட மொண்டு குடிக்கக் கூடாது. நாற்காலியைத் துடைத்துப் போட்டு உட்காரச் சொன்னார். அவர்கள் இருவரும் தரையில் உட்கார்ந்துதான் சாப்பிடுவார்கள். எனக்கு மட்டும் நாற்காலி, எனக்கு மட்டும் கோழி. அண்ணன் மகன் கோயம்புத்தூரில் வேலைக்குப் போய்விட்டதால் வீட்டில் அவர்கள் இரண்டு பேர்தான். நான் தட்டைக் கழுவப் போனால் அண்ணி பிடுங்கிக்கொள்வார். “நீ எத்தன நாளைக்கு இருக்கப் போற? வுடு” என்பார். அன்பாகத்தான் சொல்கிறார், தெரியும். ஆனால் அதைக் கேட்டதும் நான் மறுபடி அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்துகொள்வேன்.

பன்னிரண்டு ஏ என்பது ஒரு காலத்தில் அப்பா சின்ன வெங்காயம் போட்டுவைத்த கொட்டகை. பிறகு அண்ணன் சுவர் எழுப்பி, ஷீட் போட்டு, தனியாக வரியும் போடவைத்தார். எத்தனை முறை வெள்ளை அடித்தாலும் மழை பெய்தால் இன்னும் வெங்காய வாடை வரும். அங்கே பெட்டியை வைத்துவிட்டு வந்து, இரவுச் சாப்பாட்டின்போது சொன்னேன்.

“இந்தத் தடவ சமையல நான் தனியா வெச்சுக்கறேன் அண்ணி. கார்டு குடுக்கணும்னா அடுப்பு தனியா இருக்கணுமாம். ஆபீஸ்லேருந்து வந்து பாப்பாங்களாம்.”

அண்ணி “ம்” என்றார். எழுந்து உள்ளே போய்விட்டார். அண்ணன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு சுமை இறங்கியது என்றுதான் அண்ணி நினைக்கிறார் என்று எனக்குப் பட்டது.

மூன்றாம் நாள் பெரம்பலூரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டருக்குப் போனேன். நித்யா என்று ஒரு பெண், இருபத்தைந்து வயது இருக்கும். அப்பா பேர் கேட்டாள், கணவர் பேர் கேட்டாள். இல்லை என்றேன். சட்டென்று நிமிர்ந்து பார்த்தாள், அப்புறம் ஒன்றும் கேட்காமல் அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டாள். அந்த ஒரு காரணத்துக்காகவே அவளை எனக்குப் பிடித்துப்போயிற்று. என் இந்திய சிம் எப்போதோ செத்துப்போயிருந்தது. அதனால் தொடர்பு எண்ணுக்கு அண்ணியின் நம்பரைக் கொடுத்தேன்.

“அக்கா, அந்தக் கார்டுல தலைவியே நீங்கதான். மொதல்ல தலைவர மாத்தணும். அப்பறம் உங்க பேர எடுக்கணும். ரெண்டுக்கும் ஓடிபி வரும். நம்பர் அவரோடது. நீங்க அவருகிட்டப் போயி நின்னுக்கிட்டு எனக்கு போன் பண்ணுங்க, நான் இங்க அடிச்சுக்கறேன்” என்றாள்.

கேட்பதற்குச் சுலபமாகத்தான் இருந்தது.

ஐந்தாம் நாள் அரியலூர் பஸ். மக்காச்சோள அறுப்பு முடிந்த சமயம். ரோட்டில் பாதியைச் சோளத்துக்குக் கொடுத்துவிட்டு மீதியில்தான் வண்டிகள் போகின்றன. ஓரிடத்தில் எதிரே சுண்ணாம்புக்கல் லாரி வந்துவிட்டது. டிரைவர் சோளத்தின் மேல் ஏற்ற மாட்டேன் என்கிறார், லாரிக்காரர் பின்னால் எடுக்க மாட்டேன் என்கிறார். காயப்போட்ட அம்மா துடைப்பத்தோடு நடுவில் வந்து நின்று இரண்டு பேரையும் திட்டினார். மஸ்கட்டில் ரோட்டில் ஒரு காகிதம் போட்டால் அபராதம். இங்கே ஒரு குடும்பத்தின் ஆறு மாத உழைப்பு ரோட்டில் கிடக்கிறது, பஸ் முழுக்க இறங்கி நின்று அதை ஒதுக்கிக் கொடுக்கிறது. நானும் காலால் கொஞ்சம் தள்ளினேன்.

அரியலூரில் பஸ் மாறி, கீழப்பழுவூரில் இறங்கினேன். சோழர் காலத்துக் கோயில் அதே இடத்தில் இருந்தது. ஒன்பது வருஷம் அந்தத் தெருவில் குடியிருந்தவள் நான். தண்ணீர்க் குழாயடியில் நின்ற இரண்டு பெண்கள், “யாரு வூட்டுக்கு?” என்று கேட்டார்கள். வீட்டைச் சொன்னேன். “செல்வி வூட்டுக்கா? அந்தா, பச்சக் கேட்டு” என்று எனக்கு வழி காட்டினார்கள்.

செல்வி என் முன்னாள் கணவருடைய இப்போதைய மனைவி. அவள்தான் கதவைத் திறந்தாள். போட்டோவில் பார்த்திருக்கிறேன், நேரில் பார்த்ததில்லை. 

“வாங்கக்கா” என்றாள்.

அவர் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறார். அப்போதுதான் ஷிப்ட் முடிந்து வந்திருப்பார் போல, கண் இமையெல்லாம் வெள்ளையாக இருந்தது. எழுந்து நின்றார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். விஷயத்தை ஏற்கனவே போனில் அண்ணன் சொல்லியிருந்ததால் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. செல்வி அலமாரியிலிருந்து கார்டை எடுத்து என் கையில் கொடுத்தாள். அதில் என் முகம். பத்து வருஷத்துக்கு முந்திய முகம், இரண்டு பக்கமும் எண்ணெய் தடவி வாரி, காமிராவைப் பார்த்து முறைத்துக்கொண்டிருந்தது.

“இத்தன வருஷமா உங்க மூஞ்சியக் கொண்டுக்கிட்டுத்தான்க்கா நான் கடைக்குப் போறேன். என் வெரலு அதுல வேல செய்யாது. அவரு வந்து வெரல வெச்சாத்தான் சாமானு. லாரிக்குப் போயிட்டாருன்னா அந்த மாசம் அலைச்சல்தான். ‘கார்டுல இருக்கறவங்க எங்க?’ன்னு வேற கேப்பாங்க. என்னத்தச் சொல்றது?” என்றாள்.

சண்டைக்குப் பேசவில்லை. நடந்ததைச் சொன்னாள். அந்த வீட்டில் சோறு பொங்கி, துணி துவைத்து, மாமியாரை எடுத்துப் போட்டுப் பார்த்து, கடைசியில் அவருக்குக் கொள்ளி வைத்த அன்றுகூடக் கூடவே நின்றவள் அவள். கார்டில் அவளுக்கு இடமில்லை. நான் மஸ்கட்டில் தைத்துக்கொண்டிருக்கும்போது என் பேர் இங்கே உட்கார்ந்து அவள் இடத்தை அடைத்துக்கொண்டிருந்திருக்கிறது. அவளை இத்தனை நாள் ஒரு எதிரியாக மனதில் வைத்திருந்தேனே என்று வெட்கமாக இருந்தது.

வீட்டுக்குள் டவர் இல்லை. கோயில் மதில் ஓரம் போனால்தான் கிடைக்கும் என்றார் அவர். ஆகவே மூன்று பேரும் வெயிலில் நடந்து போய், அந்தப் பழைய கல் மதிலை ஒட்டி வரிசையாக நின்றோம். என் கையில் அண்ணியிடம் வாங்கி வந்த போன், அவர் கையில் ஒரு போன், நடுவில் செல்வி. ஓடிபி வந்தது. அவர் லாரியில் பேசிப் பழகிய குரலில் எண்களைக் கத்தினார், நான் நித்யாவுக்குச் சொன்னேன். அடுத்த ஓடிபிக்கு அரைமணி நேரம் காத்திருந்தோம். அந்த நேரத்தில் அவர் என்னிடம் கேட்ட ஒரே கேள்வி, “அங்க வெயிலு ஜாஸ்தியோ?” என்பதுதான். ஆமாம் என்றேன். கோர்ட்டில் இரண்டு வருஷம் இழுத்தது இங்கே ஒரு மணி நேரத்தில் முடிந்தது.

“சாப்ட்டுட்டுப் போங்கக்கா. சோறு வடிச்சிட்டேன்” என்றாள் செல்வி.

“சாப்ட்டுத்தாம்மா வந்தேன்” என்றேன். காலையிலிருந்து ஒரு டீயைத் தவிர ஒன்றும் உள்ளே போகவில்லை.

திரும்பும்போது அரியலூர் பஸ்ஸில் என் பக்கத்து சீட்டில் ஒரு இளைஞன். சிமெண்டு ஆலை ஒன்றில் வேலை செய்பவன் போலிருக்கிறது, சட்டையெல்லாம் சாம்பல் நிறம். போனில் ஊருக்குப் பேசிக்கொண்டிருந்தான். மஸ்கட்டில் எட்டு வருஷம் பழகியதில் இந்தி எனக்கு நன்றாகவே புரியும். “சாப்பிட்டாச்சு அம்மா. சோறு, பருப்பு, உருளைக்கிழங்கு. வயிறு நிறைய. ஆமாம், பக்கத்தில் எல்லாரும் இருக்கிறார்கள்” என்றான். அவன் மடியில் பாதி தின்ற பிஸ்கெட் பாக்கெட் கிடந்தது. பக்கத்தில் நான் மட்டும்தான் இருந்தேன். அவன் போனை வைத்ததும் இந்தியில் ஏதாவது பேசலாமா என்று நினைத்தேன். பேசவில்லை, அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

அடுத்த வாரம் பெயர் நீக்கச் சான்று வந்தது. நித்யா அதை அச்செடுத்துக் கொடுத்துவிட்டு, புதுக் கார்டுக்கு விண்ணப்பமும் போட்டுவிட்டாள். “இனிமே நீங்க எந்தக் கார்டுலயும் இல்ல. புதுசு வர்ற வரைக்கும் இந்தப் பேப்பர பத்திரமா வெச்சுக்கங்க” என்று சொன்னாள். அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். நான் பஸ் ஸ்டாண்டுவரை அதையே நினைத்துக்கொண்டு நடந்தேன்.

அன்றே பெரம்பலூரில் ஒரு ஒற்றை அடுப்பும் சின்ன சிலிண்டரும் வாங்கினேன். கூடவே ஒரு குக்கர், நான்கு டப்பா, ஒரு தாளிக்கும் கரண்டி. மறுநாள் பன்னிரண்டு ஏ-யில் முதல் சமையல். ஒருத்திக்கு எவ்வளவு அரிசி போடுவது என்று எனக்குத் தெரியவில்லை. மஸ்கட்டில் ஐந்து பெண்கள் சேர்ந்து மாற்றி மாற்றிச் சமைப்போம். அதற்கு முன்னால் கீழப்பழுவூரில் நான்கு பேர். ஒருத்திக்கென்று நான் ஆக்கியதே இல்லை. சோறு அதிகமாகிவிட்டது, ரசம் குறைந்துவிட்டது. சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டேன். பத்து அடி தள்ளி அண்ணன் வீட்டில் அவர்கள் பேசுவது கேட்டது, என்ன பேசுகிறார்கள் என்று கேட்கவில்லை.

தினமும் மதியம் குளித்துவிட்டு வந்தால் என் வாசற்படியில் ஒரு கிண்ணம் மூடி வைத்திருக்கும். அவரைக்காய்ப் பொரியலோ, கீரையோ, மீன் குழம்போ. அண்ணி கூப்பிட மாட்டார், வைத்துவிட்டுப் போய்விடுவார். நான் கழுவி அவர் படியில் வைப்பேன். பக்கத்து வீட்டுக்காரிக்குக் கொடுப்பதுபோலக் கொடுக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். நான்தானே தனி வீடு என்று சொன்னவள், வருத்தப்பட எனக்கு என்ன உரிமை இருக்கிறது என்றும் நினைத்தேன். ஆனாலும் வருத்தப்பட்டேன்.

பதினேழாம் நாள் காலை விசாரணைக்கு ஆள் வருகிறார் என்று நித்யா அண்ணியின் நம்பருக்கு போன் செய்து என்னைக் கூப்பிடச் சொன்னாள். “அடுப்புல எதாச்சும் கொதிக்கட்டும்க்கா. டப்பாவெல்லாம் கண்ணுல படற மாதிரி வைங்க. உங்க அண்ணி வூட்டுல, பக்கத்து வூடுன்னு மட்டும் சொல்லச் சொல்லுங்க, வேற எதுவும் பேச வேணாம்” என்றாள். அண்ணியிடம் சொன்னேன். “பக்கத்து வூடு. பன்னெண்டாம் நம்பரு” என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

வந்தவர் ஐம்பது வயதுக்காரர், ஹெல்மெட்டைக் கழற்றாமலே உள்ளே எட்டிப் பார்த்தார். பிறகு கழற்றி, கையில் வைத்துக்கொண்டு உள்ளே வந்தார். அடுப்பைப் பார்த்தார். சிலிண்டர் ரசீதைப் பார்த்தார். குழம்புச் சட்டியின் மூடியைத் தூக்கிப் பார்த்து, “என்ன, ரசமா?” என்றார்.

“ஆமா சார்.”

“தனியாத்தான் இருக்கீங்களா?”

“தனியாத்தான் சார் இருக்கேன்” என்றேன். இதற்கு நான் ஒத்திகை எதுவும் பார்த்திருக்கவில்லை.

அவர் தலையாட்டிவிட்டுப் பேனாவை எடுத்தார். எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது என்று நினைத்தேன். அப்போதுதான் அண்ணி வந்தார். கையில் கிண்ணம்.

“மல்லிகா, கருவாட்டுக் கொழம்பு. கத்திரிக்கா ஒனக்கு ஆவாது, ஒடம்பு அரிக்கும்ல, அதான் அதப் போடாம மொச்சய மட்டும் போட்டுத் தனியா வெச்சேன். ஆறிரும், போட்டுச் சாப்புடு.”

அதிகாரி திரும்பினார். “நீங்க யாரும்மா?”

“பக்கத்து வூடு சார். பன்னெண்டாம் நம்பரு.”

“தெனமும் இப்புடிக் குடுப்பீங்களா?”

அவர் சும்மாதான் கேட்டார். அண்ணியின் முகம் மாறிவிட்டது. வாழாமல் திரும்பி வந்த நாத்தனாரை ஒதுக்கி வைத்திருக்கிறாள், சோறு போடுவதில்லை என்று ஊரில் யாரோ ஆபீசுக்கு எழுதிப் போட்டுவிட்டார்கள், அதற்குத்தான் இந்த மனிதர் வந்து கேட்கிறார் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. இதைப் பிறகு அண்ணன் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

“என்ன சார் இப்புடிக் கேட்டுப்புட்டீங்க? தெனமும்னா தெனமுந்தான். இந்த வூட்டுல பொறந்த பொண்ணு சார் அவ. ஒரு வேளையாச்சும் அவ தனியா ஆக்குனத மட்டும் திங்க வுட்டுருப்பனா? கேட்டுப் பாருங்க அவளையே! ஒரே வாசல்ல ரெண்டு ஒல கொதிச்சா ஊரு என்னையத்தான் காறித் துப்பும். இந்த அடுப்பு இப்பதான் சார் வாங்குனா, கார்டுக்காவ. இவளுக்கு ஒண்ணுன்னா நானும் எங்கவூட்டுக்காரரும் இல்லாம வேற யாரு பாக்கப் போறா?”

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டார். அண்ணன் வயலிலிருந்து ஓடி வந்து, “சார், அவ ஒண்ணும் தெரியாம ஒளறுறா சார்” என்றார்.

“இல்லீங்க. அவங்க சரியாத்தான் சொல்றாங்க” என்றார் அந்த மனிதர். குரலில் கோபமில்லை. எதையோ எழுதினார், ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார், போய்விட்டார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் நான் பேசியதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. இருந்தாலும் எழுதுகிறேன். “ஒரு அஞ்சு நிமிஷம் வாய மூடிக்கிட்டு இருக்க முடியலயா அண்ணி? அந்த வூட்டுலயும் நான் இல்ல, இந்த வூட்டுலயும் நான் இல்ல. எனக்குன்னு எங்கயுமே ஒரு எடம் இருக்கக் கூடாதா?” என்று கத்தினேன். அண்ணி குழம்புக் கிண்ணத்தை அடுப்போரம் வைத்துவிட்டுப் போனார். மறுநாளும் அதற்கு மறுநாளும் கிண்ணம் படிக்கு வந்தது. திறந்து பார்க்காமலே திருப்பி வைத்தேன். மூன்றாம் நாள் பசியில் திறந்தேன், சாப்பிட்டேன். அண்ணியோடு பேச்சு மட்டும் இல்லை.

அந்த நாள்கள் எப்படிப் போயின என்று சொல்ல அதிகம் இல்லை. ஒரு வெள்ளிக்கிழமை சிறுவாச்சூர் கோயிலுக்குப் போனேன். கூட்டம், மாலைக்கடை, கரும்புச்சாறு, எல்லாரும் குடும்பம் குடும்பமாக வந்திருந்தார்கள். அர்ச்சனைக்கு யார் பேருக்கு என்று கேட்டார்கள். அண்ணன் பேரையும் அண்ணி பேரையும் சொன்னேன். என் பேரைச் சொல்லத் தோன்றவில்லை.

இருபத்தெட்டாம் நாள், புறப்பட இரண்டு நாள் இருக்கும்போது, நித்யாவைப் பார்க்கப் போனேன். அவள் திரையைப் பார்த்துப் படித்தாள். “நிராகரிக்கப்பட்டது. காரணம்: விண்ணப்பதாரர் தன் அண்ணன் குடும்பத்துடன் ஒரே சமையலில் வசித்து வருவது கள விசாரணையில் தெரியவந்தது.”

“இன்னொரு தடவ படிம்மா” என்றேன். படித்தாள்.

கோர்ட்டுக் காகிதத்தில் நான் பிரிந்தவள். பாஸ்போர்ட்டில் நான் வேலைக்குப் போனவள். நான் யாரோடு சேர்ந்து இருக்கிறேன் என்று சொன்ன ஒரே சர்க்கார் எழுத்து இதுதான், அதுவும் எனக்குக் கார்டு இல்லை என்று சொல்வதற்காக எழுதியது. தினமும் படியில் வைத்த கிண்ணத்தை நான் எப்படிப் பார்த்தேன், ஹெல்மெட்டைக் கையில் வைத்திருந்த அந்த மனிதர் எப்படிப் பார்த்தார்? அவருக்கு ஐந்து நிமிஷத்தில் தெரிந்தது எனக்கு இத்தனை நாளாகத் தெரியவில்லை.

“இது வந்து நாலு நாளாச்சுக்கா. மெசேஜு உங்க அண்ணி நம்பருக்குத்தான் போச்சு. வாசிக்கத் தெரியாம எனக்கு போன் பண்ணாங்க. சொன்னேன். அன்னிக்கு மத்தியானமே இங்க வந்து நின்னுட்டாங்க” என்றாள் நித்யா.

ரவிக்கைத் துணி வாங்கப் போகிறேன் என்று அண்ணனிடம் சொல்லிவிட்டுத் தனியாக பஸ் ஏறிப் போனாரே, அந்த நாள்.

“‘எங் கார்டுலயே அவ பேரச் சேத்துருங்க’ன்னாங்க. அவங்க ஓடிபியும் குடுத்துட்டாங்க. உங்க ஆதார் காப்பிதான் ஏற்கனவே எங்கிட்ட இருக்கே. ஒரே ஒரு பிரச்சினதான். அந்தக் கார்டுல தலைவி உங்க அண்ணி. அவங்களுக்கு நீங்க நாத்தனாரு. உறவுமுறையில நாத்தனாருன்னு தேடுறேன், எனக்குக் கெடைக்கல. ‘இதரர்’னு போட்டுருவோமான்னு கேட்டேன். அவ்ளோதான். ‘அவ என்னடி இதரரு? யாரப் பாத்து இதரருங்கற?’ன்னு ஒரே சத்தம். கடையில இருந்தவங்க எல்லாம் திரும்பிப் பாத்தாங்க. அப்பறம் அவங்களே, ‘என் தங்கச்சின்னு போடு’ன்னாங்க. சகோதரின்னு போட்டு வெச்சிருக்கேன். உங்க கையெழுத்துக்காவத்தான் அனுப்பாம இருக்கேன். போடறீங்களா, இல்ல தனிக் கார்டுக்கே மறுபடி எழுதிப் பாக்கலாமா?”

 நித்யா தண்ணீர் பாட்டிலை நகர்த்தி வைத்துவிட்டு, வேறு ஏதோ வேலை இருப்பதுபோலத் திரும்பிக்கொண்டாள். தனிக் கார்டுக்காகக் கடல் தாண்டி வந்தவள் நான். படிவத்தை வாங்கி, அண்ணியின் பேருக்குக் கீழே இருந்த கட்டத்தில் கையெழுத்துப் போட்டேன்.

“நான் நாளன்னிக்குப் போயிருவேன். சேந்துருச்சுன்னா எனக்கு எப்புடித் தெரியும்? என் மஸ்கட் நம்பரையும் போட்டுக்கறியா?”

“ஒரு நம்பர்தான்க்கா போட முடியும். குடும்பத்துக்கு ஒண்ணுதான்” என்றாள் நித்யா. “உங்க அண்ணி நம்பரு இருக்கு. அது போதுமா?”

போதும் என்றேன்.